போனா, ஜிபிஎஸ்ஸா, காம்பஸா: மலைக்காட்டில் எதை நம்பி நடப்பது?

கடலூரிலும் புதுச்சேரியிலும் வழி தவறிப் போகிற அளவுக்கு மலை கிடையாது. கேப்பர் மலை பேருக்குத்தான் மலை. சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி செஞ்சி, அங்கே ராஜகிரிக்கே படிக்கட்டு போகிறது. காட்டுக்குள் ஒற்றையடிப் பாதையில் நடக்க ஆசைப்பட்டால் கல்வராயன், ஜவ்வாது, கொல்லிமலை என்று மேற்கே பஸ் ஏற வேண்டும். இன்னும் ஆசை கூடினால் மேற்குத் தொடர்ச்சி மலை. வெள்ளி இரவு கிளம்பி ஞாயிறு இரவு திரும்புகிற இந்தக் கணக்கில் மலையேறுபவர் வழி பார்க்க எதை வாங்கலாம், எதற்குப் பணம் போட வேண்டாம் என்பதே இங்கே பேச்சு.

"எது நல்ல கருவி?" என்று கேட்டால் கடைக்காரர் விலை கூடியதைக் காட்டுவார். "எது எப்படிக் கைவிடும்?" என்று கேட்டுப் பாருங்கள், தேர்வு தானாகச் சுருங்கும். போனைக் கைவிட வைப்பவை தண்ணீர், வெயில், சார்ஜ். காகிதத்துக்குத் தண்ணீரும் காற்றும் எதிரி. காம்பஸுக்குக் காந்தமும் இரும்பும். ஜிபிஎஸ் என்ற பெயரில் வருகிற எல்லாவற்றுக்கும் மூடிய வானம். எடுத்துப் போகிற இரண்டு கருவியும் ஒரே காரணத்தால் சாகக் கூடாது. கணக்கு அவ்வளவுதான். இரண்டு பேரிடம் இரண்டு போன் இருப்பதை இரண்டு கருவி என்று எண்ணாதீர்கள். ஒரே மழையில் நனையும், ஒரே பவர் பேங்க்கை எதிர்பார்க்கும், பெரும்பாலும் ஒரே ஆப்பில் ஒரே தப்பான பாதையைக் காட்டும்.

முதலில் ஆள், பிறகு கருவி

தமிழ்நாட்டில் காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். 2018 மார்ச்சில் நடந்த குரங்கணித் தீ விபத்துக்குப் பிறகு மலையேற்றத்துக்கென்று தனி விதிகளே வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 தடங்களை அரசு ஆன்லைன் முன்பதிவுக்குத் திறந்தது. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். காட்டுத்தீக் காலத்தில் தடங்களை மூடிவிடுவார்கள். ஆகவே கையில் கருவி இருக்கிறது என்பதற்காகத் தனியாகக் காட்டுக்குள் இறங்கலாம் என்று யாரும் இதைப் படித்துவிட்டு நினைக்க வேண்டாம்.

வழிகாட்டி இருக்கும்போது கருவி எதற்கு? மூடுபனியில் கூட்டம் இரண்டாகப் பிரியும். ஒருவருக்குக் கால் பிசகி, வழிகாட்டி அவரோடு பின்னால் தங்க நேரும். 112க்கோ 108க்கோ போன் கிடைத்துவிட்டால் "எங்க இருக்கீங்க?" என்ற கேள்விக்கு "மலைமேல" என்பது பதிலாகாது.

ஊர்க்காரரிடம் வழி கேட்பதிலும் ஒரு பக்குவம் உண்டு. "இப்படிப் போனா அருவி வருமா?" என்று கேட்டால் மனசு நோகக் கூடாது என்று "வரும் தம்பி" என்பார்கள். "இந்த வழி எங்கண்ணே போவுது?" என்று திறந்து கேளுங்கள். "கூப்பிடு தூரந்தான்" என்று பதில் வந்தால் அது அவருடைய கூப்பிடு தூரம். நம் காலுக்கு முக்கால் மணி நேரம் போட்டுக்கொள்வது நல்லது.

போன்

போனில் ஜிபிஎஸ் வேலை செய்ய டவர் தேவையில்லை. இதைப் பலர் இன்னும் நம்புவதில்லை. செயற்கைக்கோள் சொல்வதைப் போன் காதால் கேட்கிறது, திரும்ப எதுவும் பேசுவதில்லை. அதனால் ஏரோபிளேன் மோடிலும் இடம் காட்டும். டவர் செய்வது ஒரு ஒத்தாசை மட்டுமே: எந்தச் செயற்கைக்கோள் இப்போது எங்கே என்ற விவரத்தை நெட் வழியாகச் சில நொடியில் இறக்கிக் கொடுக்கும். நெட் இல்லாவிட்டால் அதையே வானத்திலிருந்து மெதுவாக வாங்க வேண்டும், சில நிமிடம் பிடிக்கலாம். புதுச்சேரியில் கடைசியாக ஜிபிஎஸ் போட்ட போனை நேரே ஜவ்வாதுமலைப் பள்ளத்தாக்கில் திறந்தால் "தேடுகிறது" என்று சுற்றிக்கொண்டே இருப்பதற்குக் காரணம் இதுதான். பஸ்ஸைவிட்டு இறங்கியதும், டவர் இருக்கும்போதே, திறந்த வெளியில் ஒருமுறை இடம் பிடிக்க வையுங்கள். அதன் பிறகு ஏரோபிளேன் மோட். டவர் இல்லாத இடத்தில் போன் டவரைத் தேடித் தேடியே சார்ஜைத் தின்னும். ஜிபிஎஸ்ஸைவிட இந்தத் தேடலும் திரை வெளிச்சமும்தான் பேட்டரியைக் காலி செய்பவை.

எந்த மேப்? கூகுள் மேப்பை ஆஃப்லைனில் இறக்கினால் வண்டிக்கு வழி சொல்லும், நடைக்குச் சொல்லாது. ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைத்து ஏற்ற இறக்கம் காட்டும் சம உயரக் கோடும் அதில் வராது. மலைக்கு அது அடிவாரம் வரைக்கும்தான். ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மேண்ட் இரண்டும், தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவை வைத்து ஓடுபவை. முதலாவது இலவசம், திறந்தவுடன் புரியும். இரண்டாவதில் தடம் பதிவு, ஆயத்தொலையை (இடத்தைக் குறிக்கும் அட்ச, தீர்க்க எண்கள்) எழுதப் பலவகை முறை என்று எல்லாம் உண்டு, ஆனால் மெனுவுக்குள் மெனு. புதிதாகத் தொடங்குபவருக்கு ஆர்கானிக் மேப்ஸ் போதும். கூட்டத்தை அழைத்துப் போகிறவர் ஆஸ்மேண்ட் பழகிக்கொள்ளலாம்.

இரண்டிலும் ஒரே பலவீனம் இருக்கிறது. இந்த ஆப்களின் சம உயரக் கோடுகளுக்குப் பெரும்பாலும் அடிப்படை, 2000 பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து ரேடார் எடுத்த அளவு. சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. அடர்காட்டில் அது அளந்தது தரையைக்கூட இல்லை, மரத்தலைகளை ஒட்டிய உயரத்தை. பத்து மீட்டர் செங்குத்துப் பாறை இந்தக் கோடுகளுக்கு நடுவே சத்தமில்லாமல் ஒளிந்துகொள்ளும். "மேப்ல சரிவே இல்லையே" என்று விளிம்பில் நின்று புலம்பிப் பயனில்லை.

யாரோ பதிவேற்றிய ஜிபிஎக்ஸ் தடத்தை, அதாவது போன வழியைப் பதிந்த ஃபைலை, இறக்கி அதன்மேல் நடப்பதும் இதே வகை. தேதியைப் பாருங்கள். ஒரு மழைக்காலம் போதும், உண்ணிச்செடி மண்டிப் பாதையை மூடிவிடும். சிலர் பைக்கில் போனதைப் பதிந்திருப்பார்கள், சிலர் வழி தவறிச் சுற்றியதையும் சேர்த்தே பதிந்திருப்பார்கள்.

தடம் பதிவில் அடிக்கடி நடக்கும் கோளாறு ஒன்று. பல ஆண்ட்ராய்டு போன்கள் சார்ஜை மிச்சப்படுத்தப் பின்னணியில் ஓடும் ஆப்பைத் தாங்களாகவே மூடிவிடும். மாலையில் எடுத்துப் பார்த்தால் இரண்டு கிலோமீட்டருக்கு ஒரே நேர்கோடு. அமைப்புக்குப் போய் அந்த ஆப்புக்கு பேட்டரி கட்டுப்பாட்டை நீக்கி, இருப்பிட அனுமதியையும் சரிபாருங்கள். திரையை அணைத்துவிட்டுக் கடற்கரைச் சாலையில் அரை மணி நேரம் நடந்தால் தெரிந்துவிடும்: கோடு வளைந்து வளைந்து வந்திருந்தால் சரி, நேரே பாய்ந்திருந்தால் ஆப் தூங்கிவிட்டது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடுதிரை பைத்தியம் பிடித்த மாதிரி நடக்கும். ஒவ்வொரு துளியையும் விரல் என்று எடுத்துக்கொள்ளும். வியர்வையும் அப்படியே. சட்டை நுனியால் துடைத்தால் ஈரம் பரவுமே தவிரப் போகாது. உலர்ந்த பருத்தித் துணி ஒன்றை ஜிப்லாக் கவரில் தனியே வையுங்கள். சித்திரை வெயிலில் நேர்மாறாக, சூடேறிய போன் முதலில் திரையை மங்க வைக்கும், பிறகு தானே அணையும். கறுப்பு உறையோடு தோள்பட்டையில் கட்டிக்கொள்வதுதான் அதை வேகவைக்கச் சுலபமான வழி.

பவர் பேங்க்கில் எழுதியிருக்கும் 10,000 எம்ஏஎச் அதன் உள்ளே இருக்கும் செல்லின் கணக்கு, 3.7 வோல்ட்டில். வெளியே 5 வோல்ட்டாக மாறி வரும்போது ஆறாயிரத்துச் சொச்சம்தான் நிற்கும். 5,000 எம்ஏஎச் போனை ஒரு முறை முழுதாக ஏற்றி, மேலே கொஞ்சம். இரண்டு பகலுக்கு அது போதும். 20,000 வாங்கி அரைக்கிலோ பாரம் தூக்க வேண்டியதில்லை. கேபிள்தான் முதலில் சாகும். கேபிள் இரண்டு.

மாமா படகிலிருக்கும் ஜிபிஎஸ்ஸும் மலை ஜிபிஎஸ்ஸும்

நம் ஊரில் கையடக்க ஜிபிஎஸ் புதிய பொருள் இல்லை. தேவனாம்பட்டினத்திலோ வீராம்பட்டினத்திலோ ஃபைபர் படகுக்காரர் கையில் அது பழகிய சாமான். "மாமாகிட்ட ஒண்ணு சும்மா கிடக்கு, அதையே எடுத்துட்டுப் போறேன்" என்று கிளம்புபவர்கள் மூன்று விஷயத்தைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, கடலில் 'கோ டு' (குறித்த இடத்துக்குப் போ) போட்டால் அது நேர்கோட்டில் இழுக்கும். கடலில் அது நியாயம், குறுக்கே ஒன்றுமில்லை. மலையில் அதே நேர்கோடு ஓடையைத் தாண்டி, பாறைமேல் ஏறி, முள்புதரில் கொண்டுபோய் நிறுத்தும். திரையில் 400 மீட்டர் என்று காட்டும் இடத்துக்குச் சுற்றிப் போக இரண்டு மணி நேரம் ஆகலாம். இரண்டு, தூரம் கடல் மைலில் இருக்கும். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். அலகை மாற்றாமல் எடுத்துப் போனால் "ஒண்ணுதான் இருக்கு" என்று நினைத்து ஏறக்குறைய இரண்டு நடப்பீர்கள். மூன்றாவதுதான் உண்மையிலேயே ஆபத்தானது: ஆயத்தொலையை எழுதும் முறை. படகில் பாகையும் தசம நிமிடமுமாக 11°45.5′ என்று வைத்திருப்பார்கள். போன் ஆப் தசமப் பாகையில் 11.7583 என்று எழுதும். இரண்டும் ஒரே இடம். நிமிடக் குறியை விட்டுவிட்டு 11.455 என்று தட்டினால் புள்ளி 33 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே விழும். உதவிக்கு வருகிறவர்களுக்கு இடம் சொல்லும்போது "பதினொண்ணு புள்ளி ஏழு ஐந்து எட்டு மூணு, தசமத்தில்" என்று முறையையும் சேர்த்தே சொல்லுங்கள். குழுவில் எல்லாக் கருவியிலும் ஒரே முறையைக் கிளம்பும் முன்பே வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வாங்குவதென்றால், போனைவிட இதில் என்ன கூடுதல்? துல்லியம் என்று பதில் சொல்பவர்களை நம்ப வேண்டாம். திறந்த வானத்தில் இன்றைய போனும் ஐந்து மீட்டருக்குள் நிற்கிறது. பள்ளத்தாக்கில் பாறையில் பட்டுத் திரும்பும் சிக்னலால் இரண்டுமே இருபது, முப்பது மீட்டர் தள்ளிக் காட்டும். எல்1, எல்5 என்று இரண்டு அலைவரிசையையும் பிடிக்கும் கருவி அங்கே கொஞ்சம் தேவலை, அது போனாக இருந்தாலும் சரி. கையடக்க ஜிபிஎஸ்ஸின் உண்மையான பலம் மூன்று: பொத்தான்கள் ஈரக் கையிலும் வேலை செய்யும், வெயிலில் திரை இன்னும் நன்றாகத் தெரியும், ஏஏ பேட்டரி. கார்மின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ் இரண்டு ஏஏ செல்லில் 25 மணி நேரம் ஓடும் என்று தயாரிப்பாளர் கணக்கு. ஈட்ரெக்ஸ் எஸ்ஈ அதே இரண்டு செல்லில் 168 மணி நேரம், ஆனால் அதன் திரையில் மேப் கிடையாது, தடமும் புள்ளியும்தான்.

ஏஏ என்றால் எந்த ஏஏ? பெட்டிக்கடையில் சுவர்க் கடிகாரத்துக்குத் தரும் மலிவு கார்பன் செல்லை இதில் போட்டால் அந்தி சாயும் முன் அணைந்துவிடும். ஆல்கலைன் என்று எழுதியிருக்க வேண்டும், அல்லது சார்ஜ் ஏற்றும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. எந்த வகை போட்டீர்களோ அதை அமைப்பிலும் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் பேட்டரிக் கோடு பொய் சொல்லும்: பாதி இருக்கிறது என்று காட்டிக்கொண்டே அணையும்.

ஈட்ரெக்ஸ் 32எக்ஸ் போன்றவற்றில் காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் வசதி உண்டு. குளிர்நாட்டுக் கையேடுகள் பெரிதாகச் சொல்லாத ஒரு கூத்து நம் வெப்பமண்டலத்தில் இதற்கு நடக்கிறது. இங்கே காற்றழுத்தம் தினமும் காலை பத்து மணி வாக்கில் உச்சத்துக்கு ஏறி, மாலை நாலு மணி வாக்கில் மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல் இறங்கும். ஒரு ஹெக்டோபாஸ்கல் ஏறக்குறைய எட்டு மீட்டர் உயரத்துக்குச் சமம். காலை பத்துக்கு அளவு சரிசெய்துவிட்டு அதே பாறையில் நாலு மணி வரை உட்கார்ந்திருந்தால் கருவி உங்களை 25, 30 மீட்டர் மேலே ஏற்றியிருக்கும். சம உயரக் கோடு போட்ட அரசு மேப்பான டோப்போ ஷீட்டில் அது ஒன்றரைக் கோடு. மேப்பில் உயரம் எழுதியிருக்கும் கோயில், பாறை, முகடு எதைக் கடந்தாலும் திரும்பச் சரிசெய்தால் தொல்லையில்லை.

வாட்ச்

இரண்டு வரி போதும். விலை குறைந்த ஸ்மார்ட்வாட்ச் பலவற்றில் தனி ஜிபிஎஸ் கிடையாது, போனின் ஜிபிஎஸ்ஸையே கடன் வாங்கும். போன் செத்தால் அதுவும் சாகும். தனி ஜிபிஎஸ் உள்ள விலை கூடிய வாட்ச், வந்த வழியே திரும்புவதற்கு அருமையானது. சின்னத் திரையில் சுற்றுப்புறம் பார்க்க ஆகாது. ஓட்டப் பயிற்சிக்காக ஏற்கெனவே கையில் இருந்தால் பயன்படுத்துங்கள், மலைக்கென்று வாங்காதீர்கள்.

காகிதம்

சர்வே ஆஃப் இந்தியா 1767லிருந்து நாட்டை அளந்து வருகிறது. அதன் ஓப்பன் சீரிஸ் மேப் 1:50,000 அளவில் கிடைக்கிறது. அவர்களுடைய ஆன்லைன் மேப் தளத்தில் பதிவு செய்து பிடிஎஃப் இறக்கிக்கொள்ளலாம். பழைய ஷீட் எண்ணில் கடலூரும் புதுச்சேரியும் 58எம், கல்வராயன் 58ஐ, செஞ்சி 57பி (P), ஜவ்வாது 57எல். பழைய டோப்போ ஷீட் யாராவது கொடுத்தால் ஒன்றைக் கவனியுங்கள். அவை பூமியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் என்ற பழைய கணக்கை வைத்து வரைந்தவை, ஜிபிஎஸ் பேசுவது டபிள்யூஜிஎஸ்84 என்ற வேறு கணக்கு. நேராக ஆயத்தொலையை எடுத்துப் போட்டால் நூறு, இருநூறு மீட்டர் தள்ளி விழும். ஓப்பன் சீரிஸில் இந்தச் சிக்கல் இல்லை. அது டபிள்யூஜிஎஸ்84லேயே இருக்கிறது.

1:50,000 என்றால் தாளில் 2 செ.மீ. தரையில் 1 கிலோமீட்டர். ஒரு முழு ஷீட் அட்சத்தில் 15 நிமிடம், தீர்க்கத்தில் 15 நிமிடம் (60 நிமிடம் ஒரு பாகை), ஏறக்குறைய 55 செ.மீ. சதுரம். அதை முழுதாக அச்சடிக்கத் தேவையில்லை. ஒரு ஏ4 தாளிலேயே பத்துக்குப் பதினாலு கிலோமீட்டர் பரப்பு அடங்கிவிடும், ஒரு நாள் நடைக்குத் தாராளம். வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி எடுத்து ஜெராக்ஸ் கடைக்குப் போங்கள்.

கோளாறு அங்கேதான் ஆரம்பம். கடைத் தம்பி வழக்கமாக 'ஃபிட் டு பேஜ்' என்றே அழுத்துவார், ஆதார் நகலுக்கு அது சரி. மேப் அதில் சுருங்கிவிடும். சுருங்கியது கண்ணுக்குத் தெரியாது. "அளவு மாத்தாம, நூறு சதவீதத்துல போடுங்க தம்பி" என்று சொல்லி, தாள் வெளியே வந்ததும் அளவுகோலை எடுத்து மேப்பில் உள்ள தூரக்கோட்டை அளந்து பாருங்கள். 5 கிலோமீட்டர் கோடு சரியாக 10 செ.மீ. இருக்க வேண்டும். 9.4 என்றால் அந்தத் தாளை வைத்து அளக்கிற ஒவ்வொரு பத்து கிலோமீட்டரிலும் அறுநூறு மீட்டர் காணாமல் போகும். ஏ4 பகுதியை வெட்டும்போது தூரக்கோட்டையும் ஒட்டி வெட்டாவிட்டால் அளந்து பார்க்கவே வழியிருக்காது.

அச்சு லேசரில் இருக்கட்டும். இங்க்ஜெட் மை வியர்வையிலேயே கரைந்து ஓடைகளை ஊருக்குள் விடும். லேமினேஷன் வேண்டாம். மடிக்க முடியாது, மடித்த இடம் வெடித்துத் தண்ணீர் உள்ளே போனால் வெளியே வராது, வெயிலில் கண் கூசும். நடக்கிற பகுதி வெளியே தெரியும்படி மடித்து ஜிப்லாக் கவரில் வைப்பதே போதும்.

சம உயரக் கோடு பெரும்பாலான மலைப் பகுதியில் 20 மீட்டருக்கு ஒன்று. நெருக்கத்தைக் கண்ணால் மதிப்பிடாமல் அளந்து பழகுங்கள். 4 மி.மீ.க்குள் ஐந்து இடைவெளி இருந்தால் இருநூறு மீட்டர் நடையில் நூறு மீட்டர் ஏற்றம், சாய்வு 27 டிகிரிக்கு அருகில். மூட்டையோடு அங்கே கையையும் ஊன்ற வேண்டிவரும். ஓடை இருக்குமிடத்தில் கோடு மேட்டை நோக்கி மடியும், முகட்டில் பள்ளத்தை நோக்கிப் பிதுங்கும். இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் பாதி மேப் படித்த மாதிரி.

காம்பஸ்: நம் ஊருக்குப் பொருந்தாத காம்பஸும் உண்டு

பூமியின் காந்தப்புலம் வடக்கே போகப் போகத் தரைக்குள் சாய்கிறது. ஐரோப்பாவில் முள்ளின் வடமுனை நன்றாகக் கீழே இழுக்கப்படும். அதைச் சமப்படுத்தத் தென்முனைப் பக்கம் துளி எடை சேர்த்துச் செய்கிறார்கள். இந்தச் சாய்வே இல்லாத காந்த நடுக்கோடோ நம் நாட்டின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. இங்கே அந்த இழுப்பு மிகக் குறைவு. அங்கே சமப்படுத்திய காம்பஸை இங்கே பிடித்தால் எடை வைத்த தென்முனை கீழே தொங்கி அடியில் உரசலாம். உரசி நின்ற முள்ளையே வடக்கு என்று நம்பி நடப்பவருக்குக் காம்பஸ் இல்லாமலிருப்பதே மேல். சில்வா காம்பஸில் எம்என், எம்ஈ, எம்எஸ் என்று மண்டலம் போட்டிருப்பார்கள். நமக்கு நடுக்கோட்டு மண்டலமான எம்ஈ, அல்லது எங்கும் செல்லும் 'குளோபல்' வகை. வெளிநாட்டிலிருந்து வரும் அண்ணனிடம் வாங்கிவரச் சொல்லும்போது இதைச் சொல்ல மறக்கக் கூடாது.

வாங்கும் இடத்திலேயே சோதிக்கலாம். மேசையிலிருந்து எடுத்துக் கையில் மட்டமாகப் பிடியுங்கள், மேசைக்கு அடியில் இரும்புச் சட்டம் இருக்கலாம். முள் நின்றதும் சாவியை அருகே கொண்டுபோய்க் கால்வட்டம் இழுத்து, சாவியைச் சட்டென்று தூரமாக எடுங்கள். மூன்று முறையும் முள் அதே இடத்தில் நிற்க வேண்டும். இரண்டு டிகிரிக்கு மேல் மாறி மாறி நின்றால் திருப்பிக் கொடுங்கள். சாவிக்கொத்தில் தொங்கும் பொத்தான் காம்பஸ்களில் பெரும்பாலானவை இதில் தேறாது. தெளிவான அடித்தகடும், சுழலும் வளையமும், 2 டிகிரிப் பிரிவும் உள்ளது போதும். முகம் பார்க்கும் கண்ணாடி வைத்த மூடி வேண்டாம்.

காம்பஸ் காட்டும் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசமான காந்த விலக்கத்தைச் சரிசெய்யும் திருகு உள்ள மாடலுக்கும் நாம் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. சில நாடுகளில் பத்து, பதினைந்து டிகிரி என்று போகும் விலக்கம் நம் பக்கத்தில் மேற்காக ஒன்றிரண்டு டிகிரிக்குள் அடங்குகிறது. ஒரு டிகிரி தப்பினால் ஒரு கிலோமீட்டரில் 17 மீட்டர். கையில் காம்பஸ் பிடித்து நடக்கும் யாரும் அதைவிடக் கூடுதலாகத்தான் விலகுவார்கள்.

காம்பஸ் பொய் சொல்லும் இடங்கள் உண்டு. சேலம் கஞ்சமலையிலும் திருவண்ணாமலை கவுத்திமலையிலும் பாறையிலேயே காந்த இரும்புத் தாது இருக்கிறது. அங்கே முள்ளை நம்பாமல், நடந்துகொண்டே ஜிபிஎஸ் காட்டும் திசையைப் பாருங்கள். நின்றால் அது திசை சொல்லாது. மற்ற இடங்களில் பொய்க்குக் காரணம் பெரும்பாலும் நம் உடம்பிலேயே இருக்கும்: காந்த மூடி வைத்த போன் உறை, இயர்போன் டப்பா, பவர் பேங்க். அரை மீட்டராவது தள்ளி வையுங்கள். ஒரே பையில் மாதக்கணக்கில் போனோடு கிடந்த காம்பஸ் தலைகீழாகவே மாறிவிடுவதுண்டு, சிவப்பு முனை தெற்கைக் காட்டும். கிளம்பும் நாள் காலையில் கடற்கரையில் நின்று ஒரு தடவை பாருங்கள். சூரியன் உதிக்கும் பக்கத்துக்கு இடக்கைப் பக்கம் சிவப்பு நிற்க வேண்டும்.

ஓடையையோ சாலையையோ நோக்கிக் காம்பஸ் திசையில் நடக்கும்போது, சேரவேண்டிய இடத்துக்கு நேராகக் குறி வைக்காதீர்கள். வேண்டுமென்றே ஐந்து டிகிரி இடப்பக்கம் ஒதுங்கி நடங்கள். ஓடையைத் தொட்டதும் வலப்பக்கம் திரும்பினால் போதும் என்று தெரிந்திருக்கும். நேராகக் குறி வைத்துத் தப்பினவருக்கு எந்தப் பக்கம் தப்பினோம் என்பதே தெரியாது.

சூரியனும் விண்மீனும்

கைக்கடிகாரத்தின் மணி முள்ளைச் சூரியனுக்கு நேரே பிடித்துத் தெற்கைக் கண்டுபிடிக்கும் வித்தை குளிர்நாட்டுக்கு உரியது. புதுச்சேரியின் அட்சத்தில் ஏப்ரல் 20ஐத் தாண்டி ஒரு நாளிலும் ஆகஸ்ட் 20ஐ ஒட்டியும் உச்சி வெயில் நேர் தலைக்கு மேலே நிற்கும். இடைப்பட்ட நான்கு மாதமும் நடுப்பகலில் சூரியன் நமக்கு வடக்கே. அந்த வித்தையை நம்பினால் வடக்கைத் தெற்கு என்று முடிவு கட்டுவீர்கள். துருவ விண்மீன் நமக்கு 12 டிகிரி உயரத்தில்தான். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டிக்குச் சற்று மேல். மலைக்காட்டில் மரம் மறைத்துவிடும்.

செயற்கைக்கோள் வழி அவசரச் செய்தி

வெளிநாட்டு வீடியோக்களில் எல்லாரும் தோளில் மாட்டியிருக்கும் கார்மின் இன்ரீச் மாதிரியான கருவியையும் சாட்டிலைட் போனையும் இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியில்லாமல் வைத்திருக்கக் கூடாது. விமான நிலையங்களில் இதனால் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம், எந்த நேரம் தாண்டினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும் சீட்டு அந்த இடத்தை நிரப்ப வேண்டும். கழுத்தில் ஒரு விசிலும்.

யாருக்கு எது

வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை வழிகாட்டியோடு ஒரு நாள் நடை என்றால், இருக்கிற போன், ஆஃப்லைன் மேப், ஒரு ஏ4 அச்சு, 10,000 பவர் பேங்க். முடிந்தது. ஜிபிஎஸ் கருவிக்குப் பணம் போடாதீர்கள். மிஞ்சும் பணத்தில் நல்ல ஷூ வாங்கலாம். கூட்டத்தை ஒருங்கிணைப்பவர், இரவு தங்குபவர், மழைக்காலத்திலும் போகிறவர், இவர்களுக்கு எம்ஈ காம்பஸ் கட்டாயம், ஏஏ ஜிபிஎஸ் நியாயமான செலவு. மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போகிறவர் யூடிஎம் முறையில் (பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் சொல்லும் முறை) எழுதினால் மண்டல எண்ணையும் சேர்த்து எழுத வேண்டும். ஜவ்வாது, கல்வராயன், கொல்லிமலை எல்லாம் மண்டலம் 44. கொடைக்கானல், நீலகிரி, வால்பாறை 43. காம்பஸ் மட்டும் வாங்கிப் பழகாமல் வைத்திருப்பவருக்கு அது வெறும் நினைவுப் பொருள், வாங்காமலே இருக்கலாம். எதை எடுத்தாலும் போனும் காகிதமும் ஒரே ஆளின் ஒரே பையில் இருக்கக் கூடாது.

பழக இடம் இங்கேயே இருக்கிறது. பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக்காட்டில், அறுவடைக் காலம் தவிர்த்து, தோட்டத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். எந்த மரமும் இன்னொரு மரம் மாதிரியே இருக்கும், அடையாளம் வைத்து ஏமாற்ற முடியாது. சவுக்குத் தோப்பு இதற்கு ஆகாது. வரிசை உங்களைத் தானே இழுத்துக்கொண்டு போகும். முதலில் நூறு மீட்டரைக் கயிறு போட்டு அளந்து, இடக்கால் ஊன்றும் ஒவ்வொரு தடவையும் எண்ணி நடந்தால் உங்கள் எண்ணிக்கை கிடைக்கும், பெரும்பாலோருக்கு அறுபதுக்கும் எழுபதுக்கும் நடுவே. பிறகு 60 டிகிரியில் முந்நூறு மீட்டர், அங்கிருந்து 180 டிகிரியில் முந்நூறு, அங்கிருந்து 300 டிகிரியில் முந்நூறு. மூன்றும் சேர்ந்து சம முக்கோணம், கிளம்பிய இடத்துக்கே வர வேண்டும். கிளை தாழ்ந்து வழி மறிக்கும்போது வலப்பக்கம் இருபது அடி வைத்துச் சுற்றினால், மரத்தைக் கடந்ததும் இடப்பக்கம் அதே இருபது அடி. கிளம்பிய இடத்தில் ஒரு துண்டைக் கட்டிவிட்டுப் போங்கள். அதிலிருந்து முப்பது மீட்டருக்குள் வந்து சேர்ந்தால் காம்பஸ் கைக்குப் பழகிவிட்டது. தப்பினால், தப்பிய பக்கத்தைக் குறித்துக்கொண்டு மறுபடி நடங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கம் தப்பினால் தவறு காம்பஸில் இல்லை, மரத்தைச் சுற்றும்போது நீங்கள் எண்ணுவதில் இருக்கிறது.